பழைய காருக்குப் புது எஞ்சினா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆதிச்சநல்லூரைக் கடந்துதான் போக வேண்டும். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள அந்த ஊரின் பரம்பில் முதுமக்கள் தாழிகள் கிடைத்த செய்தியைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1876-இல் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஜாகோர் அங்கே முதலில் அகழ்ந்து பார்த்தார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு நடத்தினார். 2023-இல் அங்கே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டது. தாழிகளைக் கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டுகிறார்கள்.

எங்கள் பூர்வீக வீடும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக் கொட்டகையில் வேறொரு பழம்பொருள் உண்டு. அது 1972-இல் என் தந்தையார் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 கார். காருக்குள் இருப்பது அதனுடன் பிறந்த எஞ்சின் அன்று. 1991-இல் அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் பொருத்தினார் தந்தையார். அப்போது டீசல் விலை பெட்ரோல் விலையில் பாதிகூட இல்லை. கழற்றிய பெட்ரோல் எஞ்சின் சாக்குப் போர்த்திக்கொண்டு கொட்டகை மூலையில் உட்கார்ந்துவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன் வந்திருந்தான். காரைச் சுற்றிச் சுற்றி வந்தவன் கேட்டான்: “மாமா, இந்த இரண்டு எஞ்சினையும் எடைக்குப் போட்டுவிட்டு, புதுக் கார் எஞ்சின் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் என்ன? வண்டி பறக்குமே!”

நல்ல கேள்விதான். டீசல் எஞ்சினையே வைத்துக்கொள்வதா, புது எஞ்சின் வாங்குவதா, பழைய பெட்ரோல் எஞ்சினைத் திரும்பப் பொருத்துவதா? விடை சொல்வதற்கு உங்கள் பௌதிகப் பாடமே போதும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே உடல், பல எஞ்சின்கள்

எஞ்சின் மாற்றுவது பட்டறைக்காரர்கள் மட்டும் செய்கிற வேலை என்று எண்ண வேண்டாம். தொழிற்சாலைகளும் அதைச் செய்திருக்கின்றன. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரே நம் நாட்டில் அம்பாசிடர் ஆயிற்று. 1950களின் இறுதியில் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் பக்க வால்வு எஞ்சின் இருந்தது. விரைவிலேயே வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. பிறகு டீசல் எஞ்சினும், 1990களின் தொடக்கத்தில் இசுசு நிறுவனத்தின் 1,817 கன சென்டிமீட்டர் எஞ்சினும் வந்தன. 2014 மே மாதம் தயாரிப்பு நிற்கும்வரை உருவம் பெரிதும் மாறவில்லை, எஞ்சின்தான் மாறிக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இசுசு எஞ்சினுடன் ஐந்து வேகக் கியர் பெட்டியும் சேர்ந்தே வந்தது. எஞ்சின் தனியாக வரவில்லை!

பொருத்தம் அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தில் 1976-இல் வந்த ரோவர் காரினுடையது. அங்கே எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சினுடன் அறிமுகமான உடல். இங்கே அதற்குள் வைத்ததோ, 1940களில் பிறந்த வான்கார்டு காரின் எஞ்சினைத் திருத்தியமைத்த 2 லிட்டர் எஞ்சின். பார்க்க அழகான கார். விற்பனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. 1980களின் இறுதியில் தயாரிப்பு நின்றுபோயிற்று.

குதிரைத்திறனும் திருப்பு விசையும்

கிணற்றில் நீர் இறைக்கும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி பெரிதானால் வலுவாக இழுக்க வேண்டும். வேகமாக இறைத்தால் அதிக நீர் கிடைக்கும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் மேலே வருகிறது என்பதை வலுவும் வேகமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. எஞ்சினிலும் இப்படித்தான். சுழல் தண்டை அது எவ்வளவு வலுவாகத் திருப்புகிறது என்பது திருப்பு விசை. இதனைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன்.

பழைய அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினின் திருப்பு விசை, நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் சுமார் 100 நியூட்டன் மீட்டர். 3,000 சுற்று என்பது வினாடிக்கு 50 சுற்று. அதாவது 314 ரேடியன். 100-ஐ 314-ஆல் பெருக்கினால் 31,400 வாட். ஒரு குதிரைத்திறன் சுமார் 736 வாட்; ஆகவே ஏறத்தாழ 43 குதிரைத்திறன். சுற்று வேகம் 4,000-ஐத் தாண்டும்போது இது 50 குதிரைத்திறனை எட்டும், அதற்குமேல் ஏறாது.

இன்றைய சிறு காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோ 80, 90 குதிரைத்திறன் தருகிறது. அப்படியானால் மருமகன் சொன்னது சரிதானே? அவசரப்பட வேண்டாம். அந்த உச்சத் திறன் கிடைப்பது நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு அருகில். அதன் திருப்பு விசை பழைய எஞ்சினைவிடச் சிறிதளவே அதிகம்; அதுவும் 4,000 சுற்றுக்கு மேல்தான் உச்சம் அடையும்.

இப்போது கியர் கணக்கைப் பாருங்கள். காரின் சக்கரச் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் 500 முறை சுற்ற வேண்டும். பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களின் விகிதம் 4.5 என்று கொள்வோம். உச்ச கியரில் எஞ்சின் 2,250 சுற்று சுற்றும். புது எஞ்சினின் 6,000 சுற்றைப் பயன்படுத்த வேண்டுமானால் இதே கியரில் கார் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓட வேண்டும்! அரை நூற்றாண்டு வயதான அம்பாசிடர் அந்த வேகத்தைக் கனவிலும் காணக் கூடாது. ஆக, கியர் பெட்டியை மாற்றாமல் புது எஞ்சினின் திறன் நமக்குக் கைவராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அம்பாசிடரில் எஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்கும். நீண்ட தண்டு ஒன்று பின் சக்கரங்களை இயக்கும். இன்றைய சிறு கார்களில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்து முன் சக்கரங்களை இயக்குகிறது. அது கேட்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், உணர்விகளும், அழுத்தத்தோடு எரிபொருள் அனுப்பும் பம்பும் பழைய காரில் கிடையா.

அமுக்கினால் சூடு

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயரும். டீசல் எஞ்சின் இந்த உண்மையின்மீதுதான் ஓடுகிறது. பழைய பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுக்கப்படும். பிறகு தீப்பொறி அதைப் பற்றவைக்கும். சிறிய டீசல் எஞ்சினிலோ வெறும் காற்று இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக நசுக்கப்படுகிறது. வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், 27 டிகிரி செல்சியஸில் உள்ளே வந்த காற்று 700 டிகிரியைத் தாண்டும். நடைமுறையில் கொஞ்சம் குறையும். ஆனாலும் பீய்ச்சப்படும் டீசல் பொறியில்லாமல் தானே பற்றிக்கொள்ள அந்தச் சூடு தாராளமாகப் போதும்.

அமுக்க விகிதம் கூடினால் எரிபொருளின் ஆற்றலில் அதிகப் பங்கு வேலையாக மாறும். அக்காலப் பெட்ரோல் எஞ்சின்கள் ஏறத்தாழ கால் பங்கை வேலையாக மாற்றின. டீசல் எஞ்சின்கள் மூன்றில் ஒரு பங்கை எட்டின. தவிர, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் கூடுதல். தந்தையார் கண்ட சிக்கனம் வெறும் விலை வித்தியாசம் மட்டும் அன்று. அதில் பௌதிகமும் இருந்தது.

ஆனால் பௌதிகம் எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க டீசல் எஞ்சினின் வார்ப்பு கனமாக இருக்க வேண்டும். எங்கள் காரில் அது ஏறியதும், யாரோ ஒருவர் எப்போதும் பானெட்டின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பழைய எடைக்காகச் செய்யப்பட்டவை அல்லவா? இரவில் முன்விளக்கின் ஒளி சாலையில் பத்தடி தூரத்திலேயே விழுந்தது.

ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது

நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்புகள் நிகழும். நிமிடத்துக்கு 750 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடினால் வினாடிக்கு 25 வெடிப்பு; அதாவது 25 ஹெர்ட்ஸ் அதிர்வு. டீசல் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்பும் சம்மட்டி அடி.

கார் நிற்கும்போது உள்ளிருக்கும் பின்நோக்குக் கண்ணாடி நடுங்கும். பின்னால் நிற்கிற ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரியும். வண்டி ஓடத் தொடங்கியதும் கண்ணாடி நின்றுவிடும். பத்து வயதில் எனக்கு இது மாயமாகத் தெரிந்தது. கல்லூரிக்குப் போன பிறகுதான் காரணம் புரிந்தது. கண்ணாடியைத் தாங்கும் காம்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் 25 ஹெர்ட்ஸ் அதனுடன் ஒத்துப்போனபோது ஒத்ததிர்வு ஏற்பட்டது. வேகம் கூடியதும் விலகிவிட்டது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் மட்டுமே அது உயர எழும்புவதை நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடி நடுங்கினால் போகட்டும். எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர்த் தாங்கிகளும் போல்ட்டுகளும் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு உரியவை. புதிய அதிர்ச்சி அவற்றை இரவு பகலாக அசைத்துக்கொண்டிருந்தது. கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? உலோகச் சோர்வு என்பது இதுதான்.

1992-இல் ஒரு நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். தென்திருப்பேரைக்கு அருகே ஒரு மாடு குறுக்கே வந்தது. தந்தையார் பிரேக்கை அழுத்தினார். கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை! தாங்கியின் போல்ட் ஒடிந்து, நிலைமத்தால் எஞ்சின் முன்னே நகர்ந்தது. காற்றாடி ரேடியேட்டரைக் கிழித்தது, கொதிநீர் சீறியது. நல்லவேளையாக ஒருவருக்கும் காயம் இல்லை. அம்மா மடியில் இருந்த என் தங்கையை வெகுநேரம் இறக்கி விடவே இல்லை.

மறுநாள் வந்து பார்த்த முதிய மெக்கானிக், தந்தையாரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “வண்டிக்கு எஞ்சினை மாத்துனீக, சரி. எஞ்சினுக்கு வண்டியை மாத்துனீகளா அண்ணாச்சி?”

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. பிறகு அவரே தடித்த தாங்கிகளும், அகலமான ரேடியேட்டரும், வலுவான முறுக்குக் கம்பிகளும் பொருத்தினார். அதன்பின் அந்தக் கார் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொந்தரவில்லாமல் ஓடியது.

ஓட்டுவது எஞ்சின், நிறுத்துவது யார்?

கூடுதல் திறன் வேண்டும் என்கிறவர்கள் மறந்துவிடுவது பிரேக்கை. ஆட்களோடு சேர்த்துக் காரின் நிறை 1,200 கிலோ என்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டரில், அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். மணிக்கு 90 கிலோமீட்டரில் 3,75,000 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆற்றலோ இரண்டேகால் மடங்கு!

இந்த ஆற்றல் முழுவதும் சில வினாடிகளில் பிரேக்குகளில் வெப்பமாக மாற வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 2,93,000 ஜூல் போதும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்தும்போது, ஒரு லிட்டருக்கும் கூடுதலான நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தை உங்கள் கால் அழுத்தம் உண்டாக்கிவிடுகிறது. எங்கள் காரில் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகள். மூடிய டிரம்மிலிருந்து வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறச் சூடேறப் பிடிப்புக் குறையும். ஆகவே எஞ்சினின் திறனைக் கூட்டுகிறவர் முதலில் பிரேக்கைக் கூட்ட வேண்டும்.

மின் மோட்டார் வைத்தால்?

“அப்படியானால் மின் மோட்டார் வைத்துவிடலாமே?” என்றான் மருமகன். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்பு விசை தரும், குலுக்கல் இல்லை, புகை இல்லை. சிக்கல் ஆற்றலைச் சுமப்பதில்தான். 40 லிட்டர் பெட்ரோலில் சுமார் 350 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உண்டு. அதில் கால் பங்கே சக்கரத்தை அடைந்தாலும் 85 யூனிட்டுக்கு மேல். 20 யூனிட் மின்கலமே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஊருக்குள் ஓட்ட அது போதும். நெடும் பயணத்துக்குப் போதாது. இதற்கும் அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத் தொகுப்பையே பொருத்த வேண்டும். கண்ட கண்ட மோட்டாரை வைத்துவிட முடியாது.

சட்டம் சொல்வது

எஞ்சின் எண் வாகனப் பதிவுச் சான்றில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுச் சான்றையும் திருத்த வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைப் பற்றியது. 2021-இல் வந்த விதி இன்னொரு வாய்ப்பைத் தந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் முதல் வடிவத்திலேயே இருக்கும் வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு அல்ல.

டீசல் எஞ்சினோடு இருக்கும்வரை எங்கள் கார் அந்த வரிசையில் நிற்க முடியாது. அதனுடன் பிறந்த எஞ்சின், அதே எண்ணோடு, மூலையில் காத்திருந்தது. அதையே திரும்பப் பொருத்துவது என்று முடிவு செய்தோம்.

எஞ்சின் அதுதான், பெட்ரோல் அதுவன்று

முப்பது ஆண்டுக்கு மேல் சும்மா கிடந்ததில் பிஸ்டன்கள் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே எண்ணெய் ஊற்றிப் பொறுமையாகக் காத்திருந்தோம். மருமகன் நாள்தோறும் காலையில் கைப்பிடியை மெல்ல அசைத்துப் பார்ப்பான். ஒன்பதாம் நாள் அது விரற்கடை அளவு நகர்ந்தது. “மாமா, திரும்புது!” என்று அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அதே எஞ்சின், அதே கார்; இனிப் பொருத்தப் பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் இடையில் ஒன்று மாறியிருந்தது. அது எரிபொருள்!

1972-இல் விற்ற பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது முன்கூட்டியே வெடிப்பதைத் தடுத்தது. வால்வு அமரும் விளிம்புகள் தேயாமலும் காத்தது. ஈயம் மூளைக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, நஞ்சு. ஆகவே 2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனாலும் கலந்திருக்கிறது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் இருப்பதால், எரியத் தேவைப்படும் காற்றின் அளவும் மாறும்.

எனவே கடினமான எஃகில் வால்வு இருக்கைகள் கடைந்து பொருத்தினோம். எரிபொருள் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினோம். கார்புரேட்டரில் எரிபொருள் சற்றுக் கூடுதலாக வரும்படி திருத்தினோம். முறுக்குக் கம்பிகளையும் பழைய எடைக்கு ஏற்றபடி மாற்றினோம்; இல்லாவிட்டால் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கும். அலுவலகத்தில் எஞ்சின் எண்ணைத் திருத்தி எழுதக் கேட்டிருக்கிறோம். தொன்மை வாகனம் என்ற தகுதி கிடைக்குமா என்பதை அதற்குரிய குழுதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு மாலை, எஞ்சின் மூன்றாம் சுழற்றலில் பிடித்துக்கொண்டது. எண்பது வயதைத் தாண்டிய தந்தையார் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவர் முதலில் பார்த்தது பின்நோக்குக் கண்ணாடியை. அதில் தெரிந்த எங்கள் வீட்டு வேப்பமரம் ஒன்றாகவே தெரிந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் வினாடிக்கு எத்தனை வெடிப்பு?

2. மேலே சொன்ன காரில் எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினால், உச்ச கியரில் கார் எவ்வளவு வேகம் போகும்?

3. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓடும் காரின் இயக்க ஆற்றல், 90 கிலோமீட்டரில் ஓடும்போது எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1) 30, 2) மணிக்கு 80 கிலோமீட்டர், 3) 9 மடங்கு.